‘ராக்’ என்றால் பாறை அல்ல

‘பிரிட்டனின் மிகப் பெரிய பாறை இசைக்குழு எது?’

பீட்டில்ஸா, ரோலிங் ஸ்டோன்ஸா, லெட் செப்பலினா, பிங்க் ஃபிளாய்டா, குயீனா என்று பல பத்தாண்டுகளாக ஓயாமல் நடக்கும் வழக்கு, தமிழுக்கு வரும்போதெல்லாம் இந்த வாசகத்தைத் தூக்கிக்கொண்டுதான் வருகிறது. கட்டுரைத் தலைப்பில் பார்த்தாயிற்று, ஆவணப்படத் துணையெழுத்தில் பார்த்தாயிற்று. இனியும் பொறுப்பதற்கில்லை. அந்த வரியில் ‘பிரிட்டனின்’, ‘எது’ ஆகிய இரண்டு சொற்களைத் தவிர மற்ற எல்லாவற்றிலும் கோளாறு இருக்கிறது. அவற்றில் பெரிய கோளாறு, ‘ராக்’ என்ற இசைவகையின் பெயரைப் பெயர்த்த ‘பாறை’.

சொற்பிறப்பை முதலில் முடித்துவிடுகிறேன். ஆங்கிலத்தில் ‘ராக்’ என்ற ஒரே ஒலியில் இரண்டு தனித்தனிச் சொற்கள் உண்டு. ஒன்று பெயர்ச்சொல்: கல், பாறை. இடைக்கால இலத்தீனிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்தது. மற்றது வினைச்சொல்: ஆட்டு, அசை, உலுக்கு. இது ‘ரொக்கியன்’ என்ற பழைய ஆங்கில வினையின் வழி வந்தது. தொட்டிலை ஆட்டுவதற்கு ஆங்கிலத்தில் இதுதான் சொல். இரண்டுக்கும் உறவு கிடையாது. நம் ‘படி’ மாடிப்படியிலும் இருக்கிறது, ‘பாடம் படி’யிலும் இருக்கிறது, அதற்காகப் படிக்கிற பிள்ளையை யாரும் ஏணி என்று மொழிபெயர்ப்பதில்லை.

இசையில் ஏறியது இரண்டாவது சொல். அலையில் கப்பல் ஆடி உருள்வதைக் கடலோடிகள் ‘ராக்’, ‘ரோல்’ என்ற இரு வினைகளால் குறித்தார்கள். அமெரிக்கக் கறுப்பின மக்களின் வழக்கில் அவை தேவாலயத்துப் பக்தி ஆவேசத்துக்கும் வந்தன, படுக்கையறைச் சங்கதிக்கும் வந்தன. 1922இல் டிரிக்சி ஸ்மித் என்ற பாடகி, ப்ளூஸ் என்ற கறுப்பின இசைவகையில் பதிவு செய்த பாட்டின் தலைப்பிலேயே இரண்டு சொற்களும் நிற்கின்றன. அந்தத் தலைப்பில் எந்தப் பொருள் என்று கேட்காதீர்கள். நிச்சயமாகப் பக்தி இல்லை. 1951 முதல் கிளீவ்லாந்து நகரத்து வானொலி அறிவிப்பாளர் ஆலன் ஃப்ரீட் இந்தத் தொடரை ஒருவகை இசைக்கான பெயராகவே பரப்பினார். 1960களில் ‘ரோல்’ உதிர்ந்தது, ‘ராக்’ மட்டும் நின்றது. இந்தக் கதையின் எந்த மூலையிலும் ஒரு கூழாங்கல்கூட இல்லை.

பிறகு பாறை எங்கிருந்து உருண்டு வந்தது? அகராதியின் முதல் பொருளை எடுத்துக்கொண்டு இரண்டாவதைப் புரட்டிப் பார்க்காத சோம்பல் ஒரு காரணம். ரோலிங் ஸ்டோன்ஸ் என்ற பெயர் இன்னொரு காரணம். ‘உருளும் கற்கள்’ என்றொரு குழுவே இருக்கிறதே, அப்படியானால் ராக் என்பது கல்தானே என்று ஒரு வாதம். கேட்கும்போது பொருத்தமாகத்தான் இருக்கும். ஆனால் 1962இல் லண்டனில் அந்தக் குழு தன் பெயரை எடுத்தது மடி வாட்டர்ஸ் 1950இல் வெளியிட்ட ஒரு ப்ளூஸ் பாட்டிலிருந்து. அந்தப் பாட்டுக்குப் பின்னால் இருப்பது ‘உருளும் கல்லில் பாசி படியாது’ என்ற ஆங்கிலப் பழமொழி. அங்கே கல், ஊர் தங்காத நாடோடி. அதற்கும் ராக் இசைக்கும் ஒலியளவில்கூட உறவு இல்லை; அது ‘ஸ்டோன்’, இது ‘ராக்’.

இது வெறும் அகராதிப் பிழையாக இருந்தால் நானும் சிரித்துவிட்டுப் போயிருப்பேன். ஆனால் இந்தப் பாறை வழக்கின் தீர்ப்பையே புரட்டிவிடுகிறது. பாறை என்று படித்தவர் மனதில் முதலில் வருவது கெட்டித்தன்மை. கெட்டியாக, முரட்டுத்தனமாக, காது அடைக்கும்படி இருந்தால்தான் ராக் என்று அவர் முடிவுகட்டிவிடுகிறார். அந்த அளவுகோலை வைத்தால் பீட்டில்ஸ் முதல் சுற்றிலேயே வெளியே போய்விடும். ‘அவர்கள் மென்மையான பாட்டுக்காரர்கள், பாறை இல்லை’ என்று எழுதியதை நான் படித்திருக்கிறேன். பிங்க் ஃபிளாய்டும் போய்விடும். 1973இல் வெளிவந்த அவர்களுடைய ‘தி டார்க் சைட் ஆஃப் த மூன்’ இதயத் துடிப்பில் தொடங்கி இதயத் துடிப்பில் முடிகிற தொகுப்பு. அதில் பாறையை எங்கே தேடுவது? மிஞ்சுவது யார் அதிகச் சத்தம் போட்டார் என்ற போட்டிதான்.

மாறாக, ஆட்டுவதும் உலுக்குவதும்தான் பொருள் என்று தெரிந்துகொண்டு அதே குழுக்களைக் கேட்டுப் பாருங்கள், கேள்வியே வேறாகிவிடும். யாருடைய தாளம் உடம்பை அசைத்தது? யார் ஒரு தலைமுறையைப் பிடித்து உலுக்கினார்கள்? 1964 பிப்ரவரி 9 அன்று எட் சல்லிவன் நிகழ்ச்சியில் பீட்டில்ஸ் பாடியபோது அமெரிக்காவில் ஏறத்தாழ 7 கோடியே 30 லட்சம் பேர் தொலைக்காட்சி முன் இருந்தார்கள். உலுக்கல் என்றால் அதுதானே?

பாறையிலிருந்து கிளை விட்டவை இன்னும் மோசம். ஹார்ட் ராக்குக்குக் ‘கடும் பாறை’, புரோகிரசிவ் ராக்குக்கு ‘முற்போக்குப் பாறை’ என்றெல்லாம் படித்துவிட்டேன். ஒரு பாறை எதை நோக்கி முற்போக்காக நடக்கும் என்று எழுதியவருக்கே வெளிச்சம். ‘கன உலோகம்’ தனிக் கதை. ராக்கின் இன்னொரு கிளையான ஹெவி மெட்டல் என்ற பெயரில் வரும் உலோகம் உண்மையாகவே உலோகம்தான், ஆகவே இது பாறை அளவுக்குப் பிழை இல்லை. ஆனால் தமிழில் கன உலோகம் என்றால் குடிநீரில் கலக்கும் ஈயமும் காட்மியமும்தான் நினைவுக்கு வரும். பர்மிங்காமில் பிறந்த பிளாக் சபத் குழுவைப் பற்றிய கட்டுரை, மாசுக் கட்டுப்பாட்டு அறிக்கை போலப் படிக்கக் கிடைக்கிறது. இத்தனைக்கும் அந்தக் குழுவின் கிதார் கலைஞர் டோனி ஐயோமி தகரத் தொழிற்சாலையில் வேலை பார்த்தபோது வலது கையின் இரண்டு விரல் நுனிகளை இயந்திரத்தில் இழந்தவர். இடது கைப் பழக்கக்காரர் என்பதால் தந்திகளை அழுத்த வேண்டிய விரல்கள் அவை. பாத்திரம் கழுவும் திரவம் வந்த பிளாஸ்டிக் புட்டியை உருக்கி விரல்நுனிக்கு உறை செய்துகொண்டார், வலி தெரியாமலிருக்கத் தந்திகளையும் பிற்பாடு தளர்த்திக் கட்டினார். அந்த இசையின் இருண்ட, கீழிறங்கிய ஒலிக்கு அதுவும் ஒரு காரணம். உலோகத்தோடு இவ்வளவு நேரடியான சம்பந்தம் உள்ளவரைப் பற்றி எழுதுகிற இடத்தில் வேதியியல் பாடப் புத்தகத்தின் வாடை அடிக்கலாமா?

சரி, பாறை வேண்டாம், தமிழில் என்ன சொல்வது?

‘துள்ளிசை’ என்று ஒரு கட்சி இருக்கிறது. அழகான சொல், மறுக்கவில்லை. இலங்கையில் பொப் (நம் ‘பாப்’) பாடல்களுக்கு அந்தப் பெயர் வழங்கியிருக்கிறது, அங்கே கச்சிதமாகப் பொருந்தவும் செய்தது. ஆனால் ராக்குக்கு அதை நீட்டினால் கிழிந்துவிடும். துள்ளல் கன்றுக்குட்டிக்கு உரியது, மகிழ்ச்சியின் அசைவு. பிங்க் ஃபிளாய்டைக் கேட்டு யாராவது துள்ளியிருக்கிறார்களா? பிளாக் சபத்தின் முதல் தொகுப்பு மழைச் சத்தத்தோடும் தேவாலய மணியோசையோடும் தொடங்குகிறது; அதற்குத் துள்ளுகிறவரை மருத்துவரிடம்தான் அழைத்துப் போக வேண்டும். தவிர, பாப், ராக் இரண்டுக்கும் துள்ளிசையே என்று வைத்துவிட்டால், பீட்டில்ஸ் பாப்பா ராக்கா என்ற அந்தப் பழைய சண்டையைத் தமிழில் போடவே முடியாது. இரண்டு பக்கத்துக்கும் ஒரே பெயர் இருந்தால் வழக்கு எப்படி நடக்கும்?

‘ஆட்டிசை’ என்று இன்னொருவர் முன்மொழிந்ததைக் கேள்விப்பட்டேன். வேர்ப்பொருள் சரி. தாலாட்டில் உள்ள ‘ஆட்டு’தான் ராக்கின் மூலப்பொருளும், உலகத்தின் இரைச்சல் மிகுந்த இசைகளில் ஒன்று தொட்டிலிலிருந்து பெயர் எடுத்திருப்பது நல்ல வேடிக்கை. ஆனால் ஆட்டுப்பால், ஆட்டுத்தோல், ஆட்டுக்கறி வரிசையில் ஆட்டிசையைப் படிக்கிறவர் மே என்ற சத்தத்தைத்தான் எதிர்பார்ப்பார்.

தனித்தமிழ் கட்டாயம் என்பவர்களுக்கு என் பரிந்துரை ‘உலுக்கிசை’. புளிய மரத்தையும் உலுக்கலாம், மனத்தையும் உலுக்கலாம், ஓர் ஊரையே உலுக்கலாம். ராக் என்ற வினைக்கும் இந்த மூன்றும் உண்டு. என்றாலும் நான் எழுதும்போது ‘ராக்’ என்றே எழுதுகிறேன். பிற மொழிச் சொல்லை நம் எழுத்துக்கு இணங்க மாற்றி ஏற்றுக்கொள்ளத் தொல்காப்பியமே வழி வைத்திருக்கிறது. மொழிக்கு முதலில் ரகரம் வராது என்று இகரத்தை முன்னே சேர்த்து ‘இராக் இசை’ என்று எழுதுவோரிடம் மட்டும் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்டுக்கொள்கிறேன்: அது பாக்தாத் இசை. ஊது என்ற நரம்புக் கருவி, மக்காம் மரபு எல்லாம் அதில் அடங்கும். பீட்டில்ஸ் அடங்காது. ‘ரொக்’ என்று எழுதும் இலங்கை வழக்குக்கு இன்னொரு நியாயமும் உண்டு. ‘ராக்’ அமெரிக்க வாயின் ஒலி. லிவர்ப்பூல்காரர் வாயில் வருவது ஒகரத்துக்குத்தான் நெருக்கம். பிரிட்டிஷ் குழுக்களைப் பற்றிப் பேசும்போது அதுவே சரி என்று ஒரு யாழ்ப்பாணத்து நண்பர் அடித்துச் சொன்னால் என்னிடம் பதில் இல்லை.

‘இசைக்குழு’வுக்கு வருவோம். ‘பேண்டு’ என்று ஒலிபெயர்க்க முடியாது. அந்தச் சொல்லுக்குத் தமிழில் ஏற்கெனவே என்ன பொருள் என்று சின்னப் பிள்ளைகளுக்கும் தெரியும். ‘பேண்ட்’ என்றால் கால்சட்டை. ‘பேண்டு வாத்தியம்’ கல்யாண ஊர்வலத்துக்குப் போய்விட்டது. ஆக, குழுவைவிட்டால் கதி இல்லை, நானும் அதையேதான் எழுதுகிறேன். ஆனால் நம் மெல்லிசைக் குழுவில் டிரம்ஸ் வாசிப்பவர் இன்று வரவில்லையென்றால் வேறொருவர் வருவார், கச்சேரி நடக்கும். பிரிட்டிஷ் ராக் குழுவில் ஆள்தான் குழு. 1980 செப்டம்பரில் லெட் செப்பலினின் டிரம்ஸ் கலைஞர் ஜான் பானம் இறந்தார். அந்த டிசம்பரிலேயே குழு தன்னைக் கலைத்துக்கொண்டது. ரோலிங் ஸ்டோன்ஸ் நேர்மாறு: 1969இல் கிதார் கலைஞர் பிரையன் ஜோன்ஸ் போனார், 2021இல் டிரம்ஸ் கலைஞர் சார்லி வாட்ஸ் இறந்தார், வண்டி இன்னும் ஓடுகிறது. எது மேல் என்பதே அந்த வழக்கில் ஒரு கிளை வழக்கு.

கடைசியாக ‘மிகப் பெரிய’. நான்கு பேர் கொண்ட பீட்டில்ஸ் மிகப் பெரிய குழு என்றால், எண்பது பேர் வயலினும் செல்லோவும் ஏந்தி உட்காரும் சிம்பொனிக் குழுவை என்னவென்று சொல்வது? ‘தலைசிறந்த’ என்ற சொல் தமிழில் பல்லாண்டாக இருக்கிறது. அதைப் போடாமல் ‘பெரிய’ என்று போட்டதும் வாதம் எண்ணிக்கைக்குச் சரிந்துவிடுகிறது: எத்தனை தட்டு விற்றது, எத்தனை வாரம் பட்டியலில் இருந்தது. விற்பனைதான் அளவு என்றால் பிரிட்டனில் பேச்சே எழக்கூடாது. அங்கே எல்லாக் காலத்திலும் அதிகம் விற்ற தொகுப்பு குயீனின் ‘கிரேட்டஸ்ட் ஹிட்ஸ்’. ஆனால் குயீன் ரசிகர் எவரும் அந்தக் கணக்கைச் சொல்லிச் சண்டை போடுவதில்லை. 1985 ஜூலை 13 அன்று லண்டன் வெம்ப்ளி அரங்கில் நடந்த ‘லைவ் எய்ட்’ கச்சேரியில், சான்சிபாரில் பார்சிக் குடும்பத்தில் பிறந்த ஃப்ரெடி மெர்க்குரி சுமார் 20 நிமிடங்களில் அந்தக் கூட்டம் முழுவதையும் கைக்குள் போட்டுக்கொண்டதைத்தான் சொல்வார்.

இவ்வளவும் பேசிவிட்டு என் கட்சியைச் சொல்லாமல் நழுவுவது நாகரிகம் அல்ல. உலுக்குவதுதான் ராக் என்றால் என் ஓட்டு லெட் செப்பலினுக்கு. (‘வழிநடத்தப்பட்ட செப்பலின்’ என்று இயந்திரம் மொழிபெயர்த்ததையும் பார்த்தேன். அந்த ‘லெட்’ ஈயம். ‘லீட்’ என்று யாரும் வாசித்துவிடக் கூடாதே என்று ஓர் எழுத்தைக் குறைத்தார்கள்.) கடன் வாங்கிய பாட்டுகளுக்கு உரியவர் பெயரைப் போடாமல் விட்ட குற்றச்சாட்டு அவர்கள் மேல் உண்டு, ப்ளூஸ் மேதை வில்லி டிக்சன் வழக்கே போட்டு, பிறகு சமரசத்தில் முடிந்தது. அதை மறைக்கவில்லை. ஆனால் 1971இல் வந்த நான்காம் தொகுப்பின் கடைசிப் பாட்டான ‘வென் த லெவி பிரேக்ஸ்’ஸைப் போடுங்கள். 1927ஆம் ஆண்டு மிசிசிப்பி வெள்ளத்தைப் பற்றி ப்ளூஸ் கலைஞர்கள் மெம்ஃபிஸ் மின்னியும் கான்சஸ் ஜோ மெக்காயும் 1929இல் பதிவு செய்தது அது. ஹாம்ப்ஷயரில் ஹெட்லி கிரேஞ்ச் என்ற பழைய கட்டடத்தின் கூடத்தில், மாடிப்படிக்குக் கீழே பானத்தின் டிரம்ஸைப் போட்டார்கள். மைக்கைப் பக்கத்தில் வைக்காமல் மேலே படிக்கட்டுக் கைப்பிடியிலிருந்து தொங்கவிட்டார்கள். அடி கீழே விழுகிறது. ஒலி அந்த மூன்று மாடி உயரத்தையும் ஏறிச் சுவரில் மோதித் திரும்பிய பிறகுதான் மைக்குக்குப் போகிறது. கேட்கிறவருக்கு டிரம்ஸ் மட்டும் கேட்பதில்லை, கட்டடமே ஆடுகிறது.