தென்கொரிய தேசியப் பாதுகாப்புச் சட்டம்: யாரைத் தண்டிக்கிறது, குடும்பத்துக்கு என்ன உரிமை?

தென்கொரியாவில் 1948 டிசம்பர் 1 அன்று தேசியப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. யோசு, சுன்சோன் பகுதிகளில் ராணுவக் கிளர்ச்சி நடந்து ஒன்றரை மாதம்கூட ஆகாத நேரம் அது. பலமுறை திருத்தப்பட்டும் இன்றுவரை அமலில் இருக்கிறது.

தடை செய்யப்பட்ட அமைப்புகளின் பட்டியல் எதுவும் இதில் கிடையாது. அரசைக் கவிழ்க்கும் நோக்கமும் தலைமைக் கட்டமைப்பும் உள்ள குழுவா என்பதை 2-வது பிரிவை வைத்து நீதிமன்றம்தான் தீர்மானிக்கும். ஆம் என்றால் தலைவருக்கு மரண தண்டனை அல்லது ஆயுள். சாதாரண உறுப்பினருக்குக் குறைந்தது 2 ஆண்டு சிறை. அதிகம் பேசப்படுவது 7-வது பிரிவு. அத்தகைய அமைப்பைப் புகழ்ந்தாலே 7 ஆண்டு வரை சிறை. அந்த நோக்கத்தோடு புத்தகமோ துண்டறிக்கையோ வைத்திருந்தாலும் குற்றம். ஒருவர் அத்தகைய அமைப்பில் இருப்பது தெரிந்தும் புகார் கொடுக்காமல் இருந்தால் 10-வது பிரிவு பாயும். சொந்தக்காரர்களுக்கு மட்டும் அதில் தண்டனை குறையும் அல்லது விலக்கப்படும்.

இந்தச் சட்டத்தில் உண்மையான தலைமறைவுக் கட்சியும் சிக்கியிருக்கிறது, கட்சியே இல்லாதவர்களும் சிக்கியிருக்கிறார்கள். 1968 ஆகஸ்டில் உளவுத்துறை 158 பேரைப் பிடித்ததாக அறிவித்த ‘ஒன்றிணைப்புப் புரட்சிக் கட்சி’ வழக்கில் வடகொரியத் தொடர்பு நிஜமாகவே இருந்தது. மறுவருடம் தூக்கிலிடப்பட்ட அதன் தலைவர் கிம் ஜோங்-தேயின் பெயரை வடகொரியா ஒரு ரயில் எஞ்சின் ஆலைக்கே வைத்தது. அதே வழக்கில் ராணுவ அகாடமியில் பொருளாதாரம் கற்பித்த ஷின் யோங்-போக் ஆயுள் தண்டனை பெற்று, 20 ஆண்டு கழித்து 1988-ல்தான் வெளியே வந்தார்.

மக்கள் புரட்சிக் கட்சி வழக்கு அப்படியல்ல. 1975 ஏப்ரல் 8 அன்று உச்ச நீதிமன்றம் 8 பேரின் மரண தண்டனையை உறுதி செய்தது. 18 மணி நேரத்துக்குள் எட்டுப் பேரையும் தூக்கிலிட்டுவிட்டார்கள். ஒருவரின் சடலத்தைச் சுமந்துவந்த வண்டியைப் பாதிரியார்கள் மறித்தும், போலீஸ் கிரேன் வைத்து இழுத்துக்கொண்டுபோய் எரித்தது. சித்திரவதையால் வாங்கிய வாக்குமூலம்தான் அங்கே சாட்சி. 2007 ஜனவரி 23 அன்று மறுவிசாரணையில் எட்டுப் பேரும் நிரபராதிகள் என்று தீர்ப்பு வந்தது. இப்படி ஒரு வழி சட்டத்தில் இருப்பதைப் பாதிக்கப்பட்ட ஒவ்வொரு குடும்பமும் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 420-வது பிரிவுதான் அந்த வழி. விசாரணை அதிகாரி சட்டவிரோதமாக அடைத்துவைத்தார், அடித்தார் என்று நிரூபித்தால் மறுவிசாரணை கேட்கலாம். தண்டனையை அனுபவித்து முடித்திருந்தாலும் தடையில்லை. தண்டிக்கப்பட்டவர் இறந்துவிட்டால் கணவன் அல்லது மனைவி, பெற்றோர், பிள்ளைகள், உடன்பிறந்தவர்கள் மனு போடலாம். பழைய அரசு அத்துமீறல்களை விசாரிக்க அமைக்கப்பட்ட உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையத்தின் முடிவு கையில் இருந்தால் வழக்கு வலுப்படும். 1974-ல் ‘ஒன்றிணைப்புப் புரட்சிக் கட்சியை மீண்டும் கட்டினார்கள்’ என்று பிடிபட்டுத் தண்டிக்கப்பட்டவர்களிலும் சிலர் இப்படித்தான் விடுவிக்கப்பட்டார்கள், இறந்த பிறகு.

விடுதலைத் தீர்ப்பு வந்ததும் இழப்பீட்டு மனுவைத் தள்ளிப்போடக் கூடாது. தீர்ப்பு உறுதியானது தெரிந்ததிலிருந்து 3 ஆண்டு, உறுதியான நாளிலிருந்து 5 ஆண்டு. இரண்டு கெடுவுக்குள்ளும் மனு போட வேண்டும். சிறையில் கழிந்த ஒவ்வொரு நாளுக்கும் குறைந்தபட்ச நாள்கூலி முதல் அதைப்போல 5 மடங்கு வரை கிடைக்கும். தூக்கிலிடப்பட்டிருந்தால் கூடுதலாக 3 கோடி வோன் வரை. ஓர் உயிருக்கு இது போதுமா என்று கேட்டால், போதாது. அதனால்தான் பலரும் அரசின் மீது தனியாக நஷ்டஈட்டு வழக்கும் போடுகிறார்கள். ஆணையம் விசாரித்த வழக்குகளில் பழைய காலக்கெடுவைக் காட்டி அதைத் தட்டிக்கழிக்க முடியாது என்று அரசியலமைப்பு நீதிமன்றம் 2018-ல் சொல்லிவிட்டது.

7-வது பிரிவும் இன்னும் நிற்கிறது. 2023 செப்டம்பரில் அது செல்லும் என்று அதே நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வெறுமனே வைத்திருப்பதைக் குற்றமாக்கும் பகுதியை 9 நீதிபதிகளில் 5 பேர் எதிர்த்தார்கள். ரத்து செய்ய 6 பேர் வேண்டும்.