ஏலச்சீட்டில் கசர் ஏறினால் ஏன் கவனிக்க வேண்டும்?

"ஆரம்ப மாதங்களிலேயே சீட்டை எடுத்தவர் மீதித் தவணையைக் கட்டாமல் ஏன் ஓடிவிடுவதில்லை?" என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். சீட்டுப் பிடிப்பவரின் கைராசி என்று இன்றும் பலர் சொல்கிறார்கள். கைராசிக்கு இதில் ஒரு வேலையும் இல்லை.

20 பேர், மாதம் 5,000 ரூபாய், ஒரு லட்சம் சீட்டு என்று வைத்துக்கொள்வோம். மாதாமாதம் சேரும் அந்த ஒரு லட்சத்தில் அதிகம் தள்ளிக் கேட்பவருக்கு, அதாவது அதிகம் விட்டுக்கொடுப்பவருக்குச் சீட்டு. தள்ளிய தொகை கசராக எல்லோருக்கும் பிரிந்து, அவரவர் தவணையில் கழியும். சீட்டுப் பிடிப்பவரின் கமிஷனைக் கணக்கில் சேர்க்கவில்லை.

மூன்றாம் மாத ஏலத்தைப் பாருங்கள். மகளின் கல்லூரிக் கட்டணத்துக்காகக் கேட்கும் ஒருவர் 20,000 வரை தள்ளுகிறார். 80,000 கிடைக்கும், ஆனால் இன்னும் 17 தவணை பாக்கி, கசர் கழியாவிட்டால் 85,000 ரூபாய். அதற்கு மேல் தள்ள அவருக்கு மனம் வராது. ஓடிவிட நினைப்பவருக்கோ அந்த 85,000 ஒரு பொருட்டே இல்லை. 40,000 தள்ளினாலும் 60,000 கையில் வரும். அதுவரை அவர் கட்டியது 15,000க்கு மேல் போகாது. ஆகவே ஏலத்தில் அவரே வெல்வார். மற்றவர்களோ தலைக்கு 2,000 கசர் கிடைத்த மகிழ்ச்சியில் வீடு திரும்புவார்கள்!

நேர்மையானவரை விலக்கி, ஏமாற்றுபவரைத் தேடிப் பிடித்துத் தரும் இந்தப் பொறி என்னைத் திரும்பத் திரும்ப வியக்க வைக்கிறது. 1981இல் பொருளியலாளர்கள் ஜோசப் ஸ்டிக்லிட்ஸும் ஆண்ட்ரூ வைஸும் வங்கிக் கடனில் இதையே காட்டினார்கள். வட்டி ஏற ஏற, திருப்பிக் கட்டக்கூடியவர்கள் ஒதுங்கிக்கொள்வார்கள். எந்த வட்டிக்கும் தலையாட்டுபவர்கள் மிஞ்சுவார்கள். அதனால் வட்டியை ஏற்றுவதைவிடச் சிலருக்குக் கடனை மறுப்பதே வங்கிக்கு லாபம்.

சீட்டிலும் பாதுகாப்பு ஏலத்துக்கு வெளியேதான் இருக்கிறது. 1982ஆம் ஆண்டுச் சீட்டு நிதிச் சட்டப்படி பதிவான சீட்டில் எடுத்தவர் ஜாமீன் தர வேண்டும். தள்ளுவதற்கு உச்சவரம்பு உண்டு. பலர் அந்த வரம்பைத் தொட்டால் குலுக்கல். பதிவில்லாத தெருச்சீட்டில் யாரைச் சேர்ப்பது என்பதே காவல். ஓடுவதால் கிடைக்கும் ஆதாயம் மாதாமாதம் குறையும். கடைசியாக எடுப்பவருக்கு ஓடுவதற்குக் காரணமே இல்லை. புதியவரை ஆரம்ப ஏலங்களில் கேட்க விடாத சீட்டுக்காரர் இந்தக் கணக்கை நன்றாக அறிந்தவர்.

யார், எந்த மாதம், எவ்வளவு தள்ளினார், பிறகு ஒழுங்காகக் கட்டினாரா என்பதெல்லாம் அவருடைய நோட்டில் இருக்கிறது. பெயர்களை மறைத்து அந்த நோட்டுகளைத் திரட்டி ஆராய, நம் பல்கலைக்கழகங்கள் கட்டாயம் பணம் ஒதுக்க வேண்டும்.