புளி போட்டுத் துலக்கிய டிபேரியஸ்

கரூர்ப் பக்கத்திலிருந்து ஒருவர் வாட்ஸ்அப்பில் படம் அனுப்பியிருந்தார். தாத்தாவின் பெட்டியில் இருந்த வெள்ளிக்காசாம். பளபளவென்று மின்னியது. “சார், இது எந்த ராஜா? என்ன விலை போகும்?”

அந்த மினுமினுப்பைப் பார்த்ததுமே எனக்கு வயிற்றைக் கலக்கியது. “கறுப்பா இருந்துச்சு சார், புளி போட்டு நல்லாத் தேய்ச்சேன்” என்றார். அந்தக் கறுப்பு அழுக்கல்ல, வெள்ளியின் மேல் காலங்காலமாகப் படிந்து காசைக் காத்துவந்த படலம். அதோடு சேர்ந்து எழுத்துகளும் பாதி போய்விட்டன.

சரி, மிச்சம் இருப்பதைப் படிப்போம். முகத்தை மட்டும் நம்ப முடியாது. இது ரோமக் காசு. ரோமப் பேரரசர் அகஸ்டஸும் அடுத்து வந்த டிபேரியஸும் காசில் ஏறக்குறைய ஒரே சாயல்தான். ரோமர்கள் சொற்களைச் சுருக்கிப் பொறித்தார்கள். ‘யூ’ வரவேண்டிய இடத்தில் ‘வி’ இருக்கும். ‘ஏவிஜி’ என்று கண்டதும் அகஸ்டஸ் என்று பலர் முடிவு கட்டிவிடுகிறார்கள். அது அவருக்குப் பின் வந்த பேரரசர்களும் சூடிக்கொண்ட பட்டம். இந்தக் காசில் தொடக்கத்து ‘டிஐ’ தப்பியிருந்தது. டிபேரியஸ் என்று சொல்லலாம். ஆனால் பின்னர் ஆண்ட பேரரசர் கிளாடியஸின் பெயரும் காசில் அதே இரண்டெழுத்தில்தான் தொடங்கும். ஆகவே பின்பக்கப் படம் கேட்டேன். ஒரு கையில் கோலும் மறு கையில் கிளையுமாக உட்கார்ந்திருக்கும் பெண், ‘பான்டிஃப் மேக்ஸிம்’ என்ற பொறிப்பு. அதாவது தலைமைப் பூசாரி. சந்தேகம் தீர்ந்தது: கி.பி. 14 முதல் 37 வரை ஆண்ட டிபேரியஸின் டெனாரியஸ் என்ற வெள்ளிக்காசு.

அப்புறம் நகைக்கடைத் தராசில் எடை பார்க்கச் சொன்னேன். 3.6 கிராம். கி.பி. 64இல் பேரரசர் நீரோ டெனாரியஸின் எடையைக் குறைத்த பிறகு வந்தவை சுமார் 3.4 கிராம்தான். அதற்கு முந்தைய கனமான காசுகளே தமிழகத்தில் அதிகம் கிடைக்கின்றன.

இந்த வகையில் போலிகளும் ஏராளம். பைபிளில் இயேசுவிடம் காட்டிய ‘இராயனுடைய’ (ரோமப் பேரரசருடைய) காசு இதுதான் என்று பலர் கருதுவதால் எப்போதும் கிராக்கி. ஓரத்தைப் பாருங்கள். அச்சில் அடித்த காசின் விளிம்பில் சிறு வெடிப்புகள் இருக்கலாம். வார்த்தெடுத்த போலியில் சுற்றிவரும் ஒட்டுக்கோடும் ஊசிமுனைக் குழிகளும் தெரியும். முகத்தின் குறுக்கே உளிவெட்டு இருந்தால் மட்டும் ‘உடைசல்’ என்று கழித்துவிடாதீர்கள். 1898இல் புதுக்கோட்டைப் பகுதியில் கிடைத்த 501 ரோமப் பொற்காசுகளில் பெரும்பாலானவை அப்படி வெட்டுப்பட்டவை.

மண்ணில் கிடைத்தது என்றால் விஷயம் வேறு. 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி, பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எதையும் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும். பழைய பாத்திரக்கடையில் எடைக்குப் போட்டுவிட்டு வந்து என்னிடம் விலை கேட்பவர்களை என்ன சொல்ல!

மறுநாள் அவரிடமிருந்து இன்னொரு படம். சுண்டுவிரல் நகமளவு செப்புக்காசு, மேலெல்லாம் பச்சைக் களிம்பு. மணிப்பட்டை கட்டிய தலை. ஓரத்தில் ‘டிஎன்’ என்ற எழுத்து மட்டும் தெரிந்தது. ‘நம் தலைவர்’ என்று பொருள்படும், பிற்கால ரோமப் பேரரசர்களின் பட்டச் சுருக்கம் அது. நான்காம் நூற்றாண்டோ அதற்குச் சற்றுப் பின்னோ இருக்கலாம். கீழே எழுதியிருந்தார்: “இதைத் தொடவே இல்ல சார்.”