நித்தியஜீவன் என்றால் சாகாவரமா?

தருமபுரிப் பக்கம் கிறிஸ்தவக் கூட்டம் எது நடந்தாலும் அதியமான் ஒரு தடவையாவது மேடைக்கு வந்துவிடுகிறார். "அதியமான் ஔவைக்கு நெல்லிக்கனி கொடுத்தான், ஆண்டவர் நமக்குச் சாகாவரம் கொடுக்கிறார்" என்பார் பிரசங்கியார். கூட்டமும் அல்லேலூயா சொல்லும். உள்ளூர்க் கதையை எடுத்துப் பேசுவதில் தப்பே இல்லை. தருமபுரியின் பழைய பெயரான தகடூரில் நின்றுகொண்டு அதியமானைப் பேசாமல் வேறு யாரைப் பேசுவது? ஆனால் பைபிள் சொல்லும் நித்தியஜீவன் என்றால் சாகாவரம் என்ற விளக்கம் பிளெக்ஸில் ஏறி, நோட்டீஸில் ஏறி, அடக்க ஆராதனைத் தாள் வரைக்கும் போய்விட்டது. ஞாயிறு பள்ளியில் "நித்தியஜீவன்: பொருள் கூறுக" என்று கேட்டால் பிள்ளைகள் யோசிக்காமல் சாகாவரம் என்று எழுதுகிறார்கள். அதற்கு முழு மதிப்பெண்ணும் கிடைக்கிறது.

சொல்லின் பிறப்பை முதலில் பார்த்துவிடலாம். புதிய ஏற்பாட்டின் மூலமொழியான கிரேக்கத்தில் இது ஸோயே அயோனியோஸ். ஸோயே என்றால் உயிர், வாழ்வு. அயோனியோஸ் என்பது அயோன் என்ற சொல்லிலிருந்து வருகிறது. யுகம், ஊழி என்று பொருள். வரவிருக்கும் யுகத்துக்குரிய வாழ்வு என்று விரிக்கலாம். அதாவது வாழ்வு எவ்வளவு நீளம் என்பதோடு எப்படிப்பட்டது என்பதும் இந்தச் சொல்லுக்குள் இருக்கிறது. தமிழில் சீர்திருத்த (புராட்டஸ்டன்ட்) சபைகள் வாசிக்கும் வேதாகமத்தில், 1871-ல் வெளிவந்த பவர் ஐயரின் திருத்தப் பதிப்பு வழியாக வந்த பாடத்தில், இது நித்தியஜீவன். 1995-ல் வந்த பொது மொழிபெயர்ப்பான, கத்தோலிக்கர் வாசிக்கும் திருவிவிலியத்தில் நிலைவாழ்வு. இரண்டுமே சாகாவரம் என்று சொல்லவில்லை.

சரி, சாகாவரத்துக்கு வருவோம். இதில் எனக்கு முதலில் இடிப்பது வரம். நம் புராணங்களில் வரம் என்பது சும்மா கிடைக்காது. ஒற்றைக்காலில் நின்று, காற்றைக் குடித்து, தவம் இருந்து, கொடுத்தே ஆக வேண்டிய நிலைக்குத் தெய்வத்தைக் கொண்டுவந்து வாங்குவது. அப்படியும் சாகாவரத்தை மட்டும் யாரும் நேராகத் தர மாட்டார்கள். அதனால்தான் இரணியன் சுற்றிவளைத்துக் கேட்டான்: மனிதனாலும் கூடாது, மிருகத்தாலும் கூடாது; பகலிலும் கூடாது, இரவிலும் கூடாது; உள்ளேயும் கூடாது, வெளியேயும் கூடாது. முடிவு என்ன ஆனது என்று தூணுக்குத் தெரியும். தமிழ்க் காதுக்குச் சாகாவரம் என்றவுடன் நினைவுக்கு வருகிறவன் அதைக் கேட்டுக் கெட்டவன்தான். கூடவே ஓர் ஓட்டையும் எங்கோ ஒளிந்திருக்கும். இந்தக் கதைச்சுமையை எல்லாம் சுமந்துகொண்டு வரும் சொல்லை யோவான் எழுதிய நற்செய்தியில் கொண்டுபோய் ஒட்டினால், ஆண்டவர் ஏதோ நிபந்தனைப் பத்திரம் எழுதிக் கொடுத்ததுபோல ஆகிவிடுகிறது.

இதற்கு எதிர்த்தரப்பு ஒரு வசனத்தைத் தயாராக வைத்திருக்கும். பவுல் எழுதிய ரோமர் 6:23: "பாவத்தின் சம்பளம் மரணம்; தேவனுடைய கிருபைவரமோ நம்முடைய கர்த்தராகிய இயேசு கிறிஸ்துவினால் உண்டான நித்தியஜீவன்." பார்த்தீர்களா, வேதத்திலேயே வரம் இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. ஆனால் கிருபை என்ற சொல் அதன் முன்னால் ஏன் நிற்கிறது? தவத்துக்குக் கூலியாக வாங்கும் வரம் இல்லை, இலவசம் என்று காட்டத்தான். சம்பளத்துக்கு எதிர்ப்பதமாக அங்கே நிற்பது கிருபைவரம். கிருபையைக் கழற்றிவிட்டு வரத்தை மட்டும் பிடித்துக்கொண்டு, அதற்கு முன்னால் 'சாகா'வை மாட்டினால் பவுல் சொன்னது தலைகீழாகிவிடும். போதாததற்கு, தரப்படுவது எது என்று அதே வசனம் சொல்கிறது: நித்தியஜீவன். சாகாமை என்று அங்கே எழுதியிருக்கவில்லை.

அடுத்தது 'சாகா'. இங்கேதான் பெரிய சிக்கல். லாசரு செத்து நான்கு நாள் ஆன பிறகு அவன் சகோதரி மார்த்தாளிடம் இயேசு சொன்னதை வாசியுங்கள்: "நானே உயிர்த்தெழுதலும் ஜீவனுமாயிருக்கிறேன், என்னை விசுவாசிக்கிறவன் மரித்தாலும் பிழைப்பான்." மரித்தாலும்! சாவு நடக்கிறது, அதற்கு அப்பாலும் வாழ்வு இருக்கிறது. சாகாவரம் பெற்றவனுக்கு இந்த 'மரித்தாலும்' எதற்கு? அடுத்த வசனத்தில் "என்றென்றைக்கும் மரியாமலும் இருப்பான்" என்று வருகிறதே என்று கேட்பார்கள். வருகிறதுதான். ஆனால் ஒரே மூச்சில் சொன்ன இரண்டு வாக்கியங்களில் ஒன்றை விழுங்கிவிட்டு மற்றதை மட்டும் நோட்டீஸில் போடுவது நியாயம் இல்லை. அந்தப் பிழைப்பான் என்ற சொல் பட்டபாடு வேறு. பென்னாகரத்திலோ அரூரிலோ பிழைப்பு என்றால் இன்று பெங்களூருக்குப் பஸ் ஏறுவது. "பையன் பொழப்புக்குப் போயிருக்கான்" என்று சொல்லிப் பழகிய அம்மாவுக்கு, மரித்தாலும் பிழைப்பான் என்பது விநோதமாகத்தான் கேட்கும். பழந்தமிழில் அது உயிர் தப்பி வாழ்தல். இதைப் பிரசங்கத்தில் யாராவது ஒரு நிமிடம் ஒதுக்கி விளக்கினால் புண்ணியமாகப் போகும். யாரும் விளக்குவதில்லை, அதற்குள் அதியமான் வந்துவிடுகிறார்.

சாவு இல்லாமை என்ற கருத்து வேதத்தில் இல்லவே இல்லையா என்றால், இருக்கிறது. அதற்குக் கிரேக்கத்தில் தனிச்சொல் உண்டு: அத்தனாசியா. 1 கொரிந்தியர் 15-ல் அது வரும் இடத்தைப் பழைய மொழிபெயர்ப்பாளர்கள் எவ்வளவு அழகாகத் தமிழாக்கினார்கள் பாருங்கள்: "அழிவுள்ளதாகிய இது அழியாமையையும், சாவுக்கேதுவாகிய இது சாவாமையையும் தரித்துக்கொள்ளவேண்டும்." சாவாமை! நல்ல தமிழ், வரமும் இல்லை, புராண வாசனையும் இல்லை. சொல் கைவசம் இருந்தும் அவர்கள் ஸோயே அயோனியோஸ் வந்த இடத்தில் அதைப் போடவில்லை. இரண்டும் வேறு வேறு என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. நூற்றைம்பது வருஷம் முன்னால் பிரித்துவைத்ததை நாம் இப்போது ஒரே பாத்திரத்தில் கொட்டிக் கலக்குகிறோம்.

போகட்டும், சாகாவரம் இன்றைய பேச்சில் எங்கே வாழ்கிறது? "சாகாவரம் பெற்ற பாடல்கள்" என்று பழைய சினிமாப் பாட்டு நிகழ்ச்சிக்குத் தலைப்பு வைப்பார்கள். அங்கே அது பொருத்தம்தான். அமரர் என்ற சொல்லின் கதி இன்னும் மோசம். அமரர் என்றால் மரணம் இல்லாதவர். நம்மூரில் ஒருவர் பேருக்கு முன்னால் அமரர் என்று வந்தால் அவர் செத்துவிட்டார் என்று அர்த்தம். அரசு ஆஸ்பத்திரியில் நிற்கும் அமரர் ஊர்தியில் உயிரோடு யாரும் ஏறுவதில்லை. சாவை மறுக்கப் பிறந்த சொற்கள் எல்லாம் கடைசியில் பிணத்தின் பக்கத்தில் போய் நின்றுகொள்கின்றன.

அப்புறம் அந்த நெல்லிக்கனி. புறநானூறு 91-ல் ஔவை பாடுவது இதுதான்: பெரிய மலைப் பிளவில் அரிதாய் முயன்று பெற்ற கனியின் பெருமையைச் சொல்லாமல் தன் நெஞ்சுக்குள் அடக்கிக்கொண்டு, "சாதல் நீங்க எமக்கீத் தனையே" என்று. சாதல் நீங்க என்ற தொடர் அங்கே இருப்பது உண்மை. ஆனால் பாட்டின் உயிர் நீண்ட ஆயுளில் இல்லை, தான் தின்னாமல் கொடுத்ததில் இருக்கிறது. கொடுத்தவன் போரில் செத்தான். "சிறியகட் பெறினே எமக்கீயும் மன்னே" என்று அதே ஔவை அவனுக்காக அழுதது புறநானூறு 235. கிடைத்தது கொஞ்சம் கள் என்றாலும் எங்களுக்கே கொடுத்துவிடுவானே என்கிற அழுகை. பிரசங்கியாருக்கு வேண்டியது இந்த இரண்டாவது பாட்டு. தன்னிடம் இருந்ததைப் பிறருக்குக் கொடுத்துவிட்டுத் தான் செத்த ஒருவனின் கதையைக் கையில் வைத்துக்கொண்டு, அதிலிருந்து இரக்கத்தை விட்டுவிட்டு ஆயுளை மட்டும் எடுத்துக்கொள்கிறார்களே என்பதுதான் என் ஆதங்கம்.

எனக்குப் பிடித்த சொல் நிலைவாழ்வு. காரணம் தனித்தமிழ்ப் பற்று மட்டும் இல்லை, அதுவும் கொஞ்சம் உண்டு. நிலையாமை என்பது தமிழ் இலக்கியத்தில் எவ்வளவு பெரிய பாடுபொருள்! "நெருநல் உளனொருவன் இன்றில்லை" என்ற குறளை இழவு வீட்டில் சொல்லாத ஊர் இல்லை. அந்த நிலையாமைக்கு நேர் எதிரே போய் நிற்கும் சொல் நிலைவாழ்வு. வாழ்வு என்பதையும் கவனியுங்கள். வாழ்க்கை வேறு, வாழ்வு வேறு. வாழ்க்கைப்பட்டாள், வாழ்க்கைச்செலவு என்று அது அன்றாடத்தோடு போகும். வாழ்வு என்றால் செழிப்பு, உயர்ச்சி. அற்பனுக்கு வாழ்வு வந்தால்தான் அர்த்தராத்திரியில் குடை பிடிப்பான். வாழ்க்கை வந்தால் இல்லை. அதனால் போன் மொழிபெயர்ப்பில் தட்டி எடுத்து "நித்திய வாழ்க்கை" என்று சிலர் போடுவது பாதி பொருள்தான். "முடிவில்லா வாழ்க்கை" என்றால் இன்னும் கஷ்டம்: விடிகாலையில் பாலக்கோட்டுத் தக்காளி மண்டியில் கூடை சுமக்கிறவரிடம் போய் உங்கள் வாழ்க்கைக்கு முடிவே இல்லை என்று சொன்னால் அதை அவர் வாழ்த்து என்றா எடுத்துக்கொள்வார்? மறுவாழ்வு என்றும் ஒரு நோட்டீஸில் பார்த்தேன். அது போதை மீட்பு மையத்துக்கும் இலங்கைத் தமிழர் முகாமுக்கும் வைத்த பெயர், அய்யா.

நித்தியஜீவனை அடியோடு தூக்கிப்போடச் சொல்லவில்லை. நித்தியம் தமிழில் இரட்டைப் பொருளில் ஓடுகிறது: நித்தியபூசை என்றால் தினப்பூசை, "நித்திய கண்டம் பூரண ஆயுசு" என்பதிலும் தினந்தோறும் என்றே பொருள். ஜீவன் இளைஞர்களுக்கு ஜீவனாம்சத்தில் மட்டுமே பழக்கம். இந்தக் குறைகள் இருந்தாலும் ஓசூருக்குப் போனால் கதை மாறுகிறது. தமிழ், கன்னடம், தெலுங்கு மூன்றும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் ஊர் அது. கன்னட வேதாகமத்தில் நித்யஜீவ, தெலுங்கில் நித்யஜீவமு. அங்கே நித்தியஜீவன் என்றால் யாருக்கும் மொழிபெயர்க்க வேண்டாம்; நிலைவாழ்வு என்றால் இரண்டு பங்கு ஜனம் பக்கத்தில் இருப்பவரைப் பார்க்கும். தூய்மைக்காக அந்த வசதியைக் கெடுப்பது எனக்குச் சம்மதம் இல்லை. தருமபுரி மறைமாவட்டம் 1997-ல் சேலத்திலிருந்து பிரிந்ததிலிருந்து தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டத்துக்கும் அதுதான் கத்தோலிக்க மறைமாவட்டம். அதனால் கத்தோலிக்கக் கோயில்களில் ஓசூர் உட்பட நிலைவாழ்வுதான் புத்தகத்தில் இருக்கிறது. பேச்சில் எது வருகிறது என்பது பேசுகிறவரைப் பொறுத்தது.

நிலைவாழ்வு என்று போடுகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். சேர்த்து எழுதுங்கள். "நிலை வாழ்வு" என்று பிரித்து, நிலையை மேல் வரியிலும் வாழ்வைக் கீழ் வரியிலும் பிளெக்ஸ்காரர் போட்டுவிட்டால், வீடு கட்டும் ஊரில் நிலை என்பதற்கு வாசக்கால் என்றும் பொருள் இருக்கிறது; கிரகப்பிரவேச விளம்பரம் என்று நினைத்துப் போய்விடுவார்கள்.