பதலீஸ்த்: போரோவியரா, கள ஓவியரா?

ரஷ்ய ஓவியர்களின் வாழ்க்கைக் குறிப்புகளில் அடிக்கடி எதிர்ப்படும் சொல் 'பதலீஸ்த்'. போர்க்காட்சிகளை வரைவதில் தேர்ந்தவர் என்பது அதன் பொருள். போரைக் குறிக்கும் 'பதாலியா' என்னும் சொல்லோடு உறவுடைய இதன் வேரைத் தேடிப் போனால், அடித்தல் என்று பொருள்படும் ஓர் இலத்தீன் வினையில் போய் நிற்கிறோம். அதே வேரில் கிளைத்த 'பட்டாலியன்' தமிழர் நாவில் 'பட்டாளம்' ஆயிற்று என்று அகராதிகள் கூறுவதால், பதலீஸ்த்தும் நம்மூர்ப் பட்டாளத்துக்காரரும் ஒருவகையில் தூரத்து உறவினர்.

இதற்கு நேரான தமிழ்ச் சொல் 'போரோவியர்'. மோதுதலைக் குறிக்கும் 'பொரு' என்னும் வினையிலிருந்து 'போர்' பிறந்தது. அங்கே அடித்தல், இங்கே மோதல் என வேர்ப்பொருளும் ஒத்துப் போகிறது. 'யுத்த ஓவியர்' என்று எழுத வேண்டிய தேவையே இல்லை.

ஆனால் இவான் விளாதிமிரொவ் என்ற பதலீஸ்த்தைப் பற்றி எழுதும்போது இந்தச் சொல் போதாமற் போகிறது. பழைய ரஷ்ய நாட்காட்டிப்படி 1869-இன் கடைசி நாள்களில் வில்னாவில் (இன்றைய லிதுவேனியாவின் வில்னியஸ்) பிறந்த அவர், ரஷ்ய–ஜப்பானியப் போர், பால்கன் போர்கள், முதல் உலகப் போர் ஆகியவற்றைப் பத்திரிகைகளுக்காக வரைந்தார். இவ்வளவு வரை அவர் போரோவியர்தாம். ஜார் ஆட்சி கவிழ்ந்து புரட்சி நடந்த 1917-18-இல் பெத்ரோகிராதின் (இன்றைய செயின்ட் பீட்டர்ஸ்பர்க்) காவற்படையில் பணியாற்றியபோதும் அதற்குப் பிறகும் அவர் வரைந்த நீர்வண்ணப் படங்களிலோ போரைத் தேடித்தான் காண வேண்டும். வீதியில் செத்துக் கிடக்கும் குதிரையைப் பசித்தவர்கள் அறுத்துப் பங்கிடுகிறார்கள், மதுக்கடை சூறையாடப்படுகிறது, ஜார் மன்னர்களின் குளிர்கால அரண்மனையில் இருந்த ஓவியங்களைப் படைவீரர்கள் சிதைக்கிறார்கள். பஞ்ச நிவாரணத்துக்கு வந்திருந்த அமெரிக்கர்கள் வழியாக வெளிநாடு சென்ற இத்தகைய படங்களில் பலவற்றை இன்று அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹூவர் நிறுவனம் வைத்திருக்கிறது.

அதே கை 1926-இல், புரட்சியை அடுத்த உள்நாட்டுப் போரில் கருங்கடல் துறைமுகமான நோவரஸீஸ்கிலிருந்து கப்பலேறித் தப்பியவர்களைக் காட்டும் 'நோவரஸீஸ்கிலிருந்து முதலாளிகளின் ஓட்டம்' என்ற படத்தை வரைந்தது. புரட்சி ரஷ்யக் கலைஞர் சங்கத்தில் உறுப்பினராகி, செம்படையின் வெற்றிகளையும் தலைவர்களையும் தீட்டிய அவருக்கு 1946-இல் உழைப்புச் செங்கொடி விருது கிடைத்தது. மறு ஆண்டு, லெனின்கிராத் எனப் பெயர் மாறியிருந்த அதே பெத்ரோகிராதில் இறந்தார். முந்தியவை உண்மை, பிந்தியவை பிழைப்பு என்று பிரித்துவிடுவது எளிது. எனக்கு அதில் முழு உடன்பாடு இல்லை. குதிரையைச் சுற்றிக் குனிந்தவர்களும் துறைமுகத்தில் கப்பலுக்கு முண்டியவர்களும் ஒரே நாட்டில் ஓரிரண்டு ஆண்டு இடைவெளியில் இருந்தவர்களே. எதை வரைவது, யாருக்காக வரைவது என்பதுதான் மாறியது.

ஆகவே பசியையும் சூறையையும் காட்டும் அவரது நீர்வண்ணப் படங்களைப் பற்றிப் பேசும்போது 'கள ஓவியர்' என்று எழுதலாம் என்பது என் கருத்து. நெல் அடிக்கும் இடமும் களம், வாள் மோதும் இடமும் களம்; களச்செய்தியாளர் என்ற சொல்லில் நிகழ்விடத்துக்கே சென்றவர் என்ற பொருளும் ஏறிவிட்டது. நோவரஸீஸ்க் படத்துக்குப் பழைய போரோவியரே போதும்.