மெஷினைப் போட்டதும் ஏன் குளிர் தூக்கிப்போடுகிறது?

"வீட்டில் நல்லாத்தான் இருந்தார். டயாலிசிஸ் ஆரம்பித்த அரைமணி நேரத்தில் உடம்பு தூக்கிப்போட்டது." சிறுநீரகம் செயலிழந்தவர்களின் வீட்டார் பலர் இப்படிச் சொல்வதுண்டு. ஏசி குளிர் என்று போர்வையைப் போர்த்திவிட்டு விட்டுவிடக் கூடாது. ஒரே நேரத்தில் பலருக்கு நடுக்கம் வந்தால் டயாலிசிஸுக்கான தண்ணீரைச் சோதிக்க வேண்டும். ஒருவருக்கு மட்டும் வருகிறது, அவருக்கு டயாலிசிஸுக்காகக் கழுத்தில் குழாயும் இருக்கிறது என்றால், முதல் சந்தேகம் அந்தக் குழாய்மேல்தான்.

கழுத்துச் சிரை வழியே இறங்கும் அந்தக் குழாயின் நுனி, இதயத்தின் வலது மேலறையை ஒட்டி நிற்கிறது. மூடியைத் திறந்தால் இதயம் வரை நேர்வழி. வாரம் மூன்று டயாலிசிஸ் என்றால் மூன்று முறையும் அதைத் திறந்தாக வேண்டும். நம் தோலிலேயே குடியிருக்கும் ஸ்டெஃபைலோகாக்கஸ் பாக்டீரியாவுக்கு அந்தச் சில நொடிகள் போதும். நீண்ட நாள் பயன்பாட்டுக்காகப் பொருத்தும் 'பெர்ம்கேத்' குழாயில் தோலுக்கடியில் ஒரு பாலியஸ்டர் பட்டை உண்டு. அதில் சதை வளர்ந்து இறுகி, குழாயின் வெளிப்புறமாக வரும் கிருமியைத் தடுக்கும். உள்வழிக்கு அப்படியொரு காவல் கிடையாது.

உள்ளே போன கிருமி குழாய்ச் சுவரில் ஒட்டிக்கொண்டு, தன்னைச் சுற்றிப் பசைபோல ஒரு படலம் கட்டுகிறது. தண்ணீர்த் தொட்டியின் உட்சுவரைத் தடவினால் வழவழவென்று இருக்குமே, அதே ரகம். டயாலிசிஸ் இல்லாத நாட்களில் குழாய்க்குள் ஓட்டமில்லை. கிருமி நிம்மதியாகப் பெருகும். மெஷின் ஓடத் தொடங்கியதும் நிமிடத்துக்கு 300 மில்லி அளவில் ரத்தம் பாய, படலத்திலிருந்து பிய்ந்த கிருமிகள் ரத்தத்தில் கலக்கின்றன. நடுக்கம் அப்போதுதான் வருகிறது.

ஆன்டிபயாடிக் போட்டால் ரத்தத்தில் திரியும் கிருமிகள் சாகும், காய்ச்சலும் இறங்கும். படலத்துக்குள் இருப்பவையோ பெரும்பாலும் தப்பிவிடும். "காய்ச்சல்தான் போயிடுச்சே, குழாயை ஏன் எடுக்கணும்?" என்று கேட்பவர்களிடம் எனக்குக் கோபம் வருவதில்லை, இன்னொரு முறை கழுத்தில் குத்துவது வலி, செலவு. ஆனாலும் கிருமி ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸ் என்ற வகை என்றால் குழாயை எடுக்கத் தயங்கவே கூடாது. அது இதய வால்விலும் முதுகெலும்பிலும் போய் உட்காரும். சில வாரம் கழித்து வரும் முதுகுவலி அதன் அடையாளமாக இருக்கலாம். 2017–2020 தரவுகளின்படி, அமெரிக்காவில் டயாலிசிஸ் செய்துகொள்வோருக்கு ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸ் ரத்தத் தொற்று வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட 100 மடங்கு.

சரி, குழாயே வேண்டாம் என்றால்? 1966-இல் நியூயார்க் மருத்துவர்கள் அறிவித்த ஃபிஸ்டுலா இருக்கிறது: கையில் தமனியையும் சிரையையும் இணைத்துவிடுவது. உள்ளே பிளாஸ்டிக் இல்லை, தொற்றும் மிகக் குறைவு. ஆனால் அது முதிர ஒன்றிரண்டு மாதமாவது ஆகும். அதனால் கிரியாட்டினின் (சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவு) ரத்தத்தில் ஏறத் தொடங்கியபோதே மருத்துவரிடம் இதைக் கேளுங்கள். அதுவரை, வலக்கைக்காரர் என்றால் ஃபிஸ்டுலாவுக்குத் தேவைப்படும் இடக்கையில் ஊசி போடவோ ரத்தம் எடுக்கவோ விடாதீர்கள்.