ஆற்றங்கரைப் பட்டா நிலம்: பாதுகாப்பு ஒப்பந்தம் எங்கே ஓட்டையாகிறது?

வைகைக் கரையில் தோப்பு வைத்திருப்பவர் ‘ஆற்றோரத்தை அப்படியே விட்டுவிடுகிறேன்’ என்றதும், இயற்கைப் பாதுகாப்பு அமைப்புகள் அதை ஸ்டாம்ப் பேப்பரில் எழுதி நோட்டரி முத்திரை வாங்கிவிடுகிறார்கள். நிலம் கைமாறினால்தான் சிக்கல். பதியாத அந்தக் காகிதம் வில்லங்கச் சான்றில் வராது. வாங்கியவர் ‘எனக்குத் தெரியாது’ என்றால் பேச்சு முடிந்தது.

1882ஆம் ஆண்டு ஈஸ்மென்ட் (அடுத்தவர் நிலத்தின் மீதான பயன்பாட்டு உரிமை) சட்டப்படி, உரிமை கேட்பவருக்கு அதனால் பயன்பெறும் சொந்த நிலம் இருக்க வேண்டும். நிலமில்லாத அமைப்புக்கு அந்த வழி அடைப்பு. அதனால் ஆற்றோரத்தை உரிமையாளரிடமிருந்து அமைப்பு நீண்டகாலக் குத்தகைக்கு எடுப்பதே உருப்படியான வழி. ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைச் சார்பதிவாளரிடம் பதிந்தே ஆக வேண்டும். பதிந்துவிட்டால் பிறகு வாங்குபவரையும் அது கட்டும்.

எழுதுமுன் புலப்படத்தை (சர்வே எண்ணின் எல்லையும் அளவும் காட்டும் வரைபடம்) வைத்து சர்வேயரால் அளந்து கல் நடுங்கள். ஆற்றுப் புறம்போக்கையும் சேர்த்து எழுதினால் அந்தப் பகுதி செல்லாது. கூட்டுப்பட்டா என்றால் பங்காளிகள் எல்லாரின் கையெழுத்தும், அடமானம் இருந்தால் வங்கியின் சம்மதமும் வேண்டும்.

‘இயற்கையைப் பேண வேண்டும்’ என்ற வரியால் ஒரு பயனும் இல்லை. கரையிலிருந்து எத்தனை மீட்டர் என்று எண்ணைப் போடுங்கள். அதற்குள் உழவு, சவடு மண் எடுப்பு, களைக்கொல்லி கூடாது. மோட்டாருக்குப் போகவும் தேங்காய் இறக்கவும் வழி உண்டு என்பதையும் எழுதுங்கள். இதை விட்டால் உரிமையாளரே முதலில் மீறுவார். செங்குத்தான மண் கரையைச் சரித்துச் சமப்படுத்தக் கூடாது என்று தனியாகச் சொல்ல வேண்டும். மீன்கொத்தியும் பஞ்சுருட்டானும் அதில்தான் வளை குடைந்து முட்டையிடும். ‘கரையை அழகாக்கும்’ ஆர்வம் அவற்றுக்கு எமன். பிப்ரவரி முதல் ஜூன் வரை அங்கே மண்வெட்டியே வேண்டாம்.

சீமைக் கருவேலத்தை வெட்டினால் மட்டும் போதாது, துளிர்க்கும். ஆனால் ஜேசிபி வைத்து ஒரேயடியாகப் பிடுங்கினால் வேர்ப்பிடிப்பு போய் அடுத்த வெள்ளத்தில் கரை சரியும். துண்டுதுண்டாக அகற்றி, காலியான இடத்தில் நாணல், புங்கன், நீர்மருது பிடித்தபின் அடுத்த துண்டுக்குப் போகலாம்.

இன்னும் உறுதியான காப்பு வேண்டுமென்றால், வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் பிரிவு 36சி-யின்படி, உரிமையாளர் தாமாக முன்வந்த தனியார் நிலத்தை, காட்டுயிரையும் அதன் வாழிடத்தையும் காக்கும் சமூகக் காப்பகமாக அரசு அறிவிக்கலாம். அறிவித்தபின் மேலாண்மைக் குழுவின் தீர்மானமும் மாநில அரசின் ஒப்புதலும் இல்லாமல் நிலப் பயன்பாட்டை மாற்ற முடியாது. ஆகவே விண்ணப்பிக்குமுன் வாரிசுகளோடு பேசி முடித்துவிடுங்கள்.